நாற்பதைத் தாண்டியவர்களுக்கு எந்தக் கருத்தடை முறை சரி? மகளிர் குழுக் கூட்டத்துக்காகக் கேட்கிறேன்

கேள்வி: சுய உதவிக் குழு ஊக்குநர், நீடாமங்கலம் பக்கம்

வணக்கம். எங்கள் வட்டாரக் குழுக்களில் நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள் இருக்கிற பெண்கள் அதிகம். குடும்பக் கட்டுப்பாட்டு (கு.க.) ஆபரேஷன் செய்துகொள்ளாமல் விட்டவர்கள் அதில் கணிசமாக இருக்கிறார்கள். "இந்த வயசுக்கு மேல என்ன நிக்கப்போவுது" என்று எதையும் கவனிக்காமல் இருந்துவிட்டு, நாள் தள்ளிப்போனதும் பயந்துபோய் வருகிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வந்த கேள்விகளில் நான்கைத் தருகிறேன்.

ஒருவருக்கு 42 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், கடைசியாகப் பார்த்தபோது 150/96. மெடிக்கலில் மாலா-டி கருத்தடை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா என்கிறார். இரண்டாமவருக்கு 44. கடைசிப் பிரசவத்தின்போது, 34 வயதில், கர்ப்பப்பைக்குள் காப்பர் டி வைத்தார்கள். பத்து வருஷம் முடிந்துவிட்டது, நூல் தட்டுப்படவில்லை. இனிமேல் எடுக்கணுமா, அப்படியே விட்டுவிடலாமா? மூன்றாமவருக்கு 46. ஒவ்வொரு மாதமும் எட்டு நாள், பத்து நாள் கட்டி கட்டியாகப் படுகிறது, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.4 தான். மூன்று மாத ஊசி போட்டால் போக்கும் நிற்கும், குழந்தையும் நிற்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்காமவருக்கு 47. தீட்டு வந்து எட்டு மாதம் ஆகிறது, இனி எதுவும் தேவையில்லைதானே என்கிறார்.

விவரம் தெரிந்தவர்கள் அளவு, நாள் கணக்கோடு சொன்னால் அப்படியே எழுதி வைத்துப் படித்துக் காட்டுவேன்.

பதில்: கிராம சுகாதார செவிலியர், திருவாரூர் மாவட்டம்

வணக்கங்க. கூட்டத்துல முதல்ல சொல்ல வேண்டியது இது: தீட்டு ஒழுங்கில்லாம வந்தா கரு நிக்காதுன்னு அர்த்தம் இல்ல. நாப்பதுக்கு மேல நிக்கிற வாய்ப்பு குறையுது, அவ்வளவுதான். கருமுட்டை எந்த நாள்ல வெளியாவும்னு கணிக்க முடியாததால, நாள் கணக்கு பாத்து சேர்றது இந்த வயசுலதான் அதிகமா ஏமாத்தும்.

ரெண்டாவது, இந்த வயசுல முறையைத் தேர்ந்தெடுக்குறதுக்கு முன்னாடி பிரஷர், சர்க்கரை, ரத்த அளவு, உதிரப்போக்கு நாலையும் பாக்கணும். பக்கத்து வீட்டுல ஒத்துக்கிட்டதுன்னு அதையே கேட்டு வாங்குறதுதான் பெரிய தப்பு. மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர் பாத்து எழுதிக் கொடுத்த அட்டை வீட்டுல இருக்கும், அதை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. வெத்தலையோட புகையிலை போடுறவங்க, அதையும் மறைக்காம சொல்லணும்.

42 வயசு அக்காவுக்கு மாலா-டி வேண்டாம். அரசு கொடுக்குற மாலா-என், கடையில விக்கிற மாலா-டி ரெண்டுமே ஒரே சரக்குதான்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ரடையால் 0.03 மி.கி. இந்த ரெண்டாவது ஈஸ்ட்ரோஜன். பிரஷர் 140/90-க்கு மேல இருக்குறவங்களுக்கு இது பக்கவாதம், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும். மாத்திரை போட்டு பிரஷர் கட்டுக்குள்ள வந்தாலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தவிர்க்குறதுதான் நல்லது. அவங்களுக்கு காப்பர் டி முதல் தேர்வு. அதுல ஹார்மோனே இல்ல, பிரஷரோ சர்க்கரையோ அதைத் தடுக்காது. முதல்ல பிரஷர் மாத்திரை அளவு போதுமான்னு டாக்டர்கிட்ட காட்டணும், 150/96 கட்டுப்பாடு இல்லை.

காப்பர் டி அக்கா விஷயம். அரசு ஆஸ்பத்திரியில ரெண்டு வகை வைக்கிறாங்க. 380ஏ பத்து வருஷம், 375 அஞ்சு வருஷம். டிஸ்சார்ஜ் அட்டையில எந்த வகை, எந்தத் தேதின்னு எழுதியிருக்கும். 375-ஐ வச்சுக்கிட்டு பத்து வருஷம்னு நம்பி இருக்குறவங்க உண்டு, அதனால அட்டையைத் தேடச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் இவங்களுக்குக் காலம் முடிஞ்சு போச்சு.

பிரசவ மேசையிலேயே வச்ச காப்பர் டியில நூல் சுருண்டு மேல ஏறிக்கிறது சகஜம். நூல் இல்லன்னா விழுந்துடுச்சுன்னு தானா முடிவு பண்ணக் கூடாது, உள்ள இருக்குன்னும் நம்பக் கூடாது. முதல்ல சிறுநீர்ல கர்ப்பப் பரிசோதனை, அப்புறம் ஸ்கேன். கர்ப்பப்பையில இருந்தா தாலுகா ஆஸ்பத்திரியிலேயே அதுக்கான கருவி வச்சு எடுத்துருவாங்க. ஸ்கேன்ல தெரியலன்னா வயித்து எக்ஸ்ரே எடுக்கணும், ஏன்னா அபூர்வமா கர்ப்பப்பையைத் துளைச்சு வயித்துக்குள்ள போயிருக்கும். எக்ஸ்ரேயிலயும் இல்லன்னாதான் விழுந்துடுச்சுன்னு சொல்லலாம்.

பழசை எடுத்த கையோட புதுசு வச்சுக்கலாம். அதுக்கு ஏழு நாள் முன்னாடியிருந்து சேராம இருக்கணும், இல்லன்னா ஆணுறை போட்டுக்கணும். பழசை எடுத்த பிறகு ஏதோ காரணத்துல புதுசு வைக்க முடியாமப் போனா, அந்த ஒரு வாரத்து விந்தே கரு நிக்கப் போதும். 40 வயசுக்கு மேல வைக்கிற 380ஏ தீட்டு முழுசா நிக்கிற வரைக்கும் இருக்கலாம், பத்து வருஷக் கணக்கு பாத்து மறுபடி மாத்த வேண்டியதில்ல. ஆனா நின்ன பிறகு கண்டிப்பா எடுத்துடணும். வருஷக்கணக்குல விட்டா கர்ப்பப்பை வாய் சுருங்கி, எடுக்குறது சிரமமாயிடும்.

வைக்கிறதுக்கு பத்து நிமிஷம் போதும். தீட்டு ஆரம்பிச்ச 12 நாளுக்குள்ள வந்தா கர்ப்பம் இல்லைன்னு நிச்சயமா தெரியும், மத்த நாள்ல வந்தாலும் சோதிச்சுட்டு வைக்கலாம். அன்னிக்கு மட்டும் வயல் வேலை வேண்டாம். முதல் மூணுலேர்ந்து ஆறு மாசம் போக்கும் வலியும் கொஞ்சம் கூடும், இதை முன்கூட்டியே சொல்லலன்னா பயந்துபோய் எடுத்துடுவாங்க. முதல் தீட்டு முடிஞ்சதும் ஒரு தடவை காட்டணும். காய்ச்சல், நாத்தத்தோட வெள்ளைபடுதல், அடிவயித்து வலி வந்தா மறுநாள்னு தள்ளக் கூடாது. வச்சவங்களுக்கு நாள் தள்ளி, ஒரு பக்கமா வயிறு வலிச்சா குழாய்க் கர்ப்பமான்னு அன்னிக்கே பாக்கணும்.

காப்பர் டி வைக்க வர்ற அன்னிக்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் செஞ்சுக்கச் சொல்லுங்க. 30 வயசுக்கு மேல எல்லாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துல அது இலவசம். படுத்த மேசையிலேயே முடிஞ்சுடும்.

பதில்: மகப்பேறு மருத்துவர், தஞ்சாவூர்

செவிலியர் எழுதியது அத்தனையும் சரி. 46 வயதுக்காரரைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நால்வரில் அவசரம் அவருக்குத்தான்.

காரணம் தெரியாத அதிக உதிரப்போக்கு இருக்கும்போது மூன்று மாத ஊசியோ, காப்பர் டியோ தொடங்கக் கூடாது. தொடங்கினால் போக்கின் தன்மை மாறிவிடும், உள்ளே இருக்கும் நோய் மறைந்துகொள்ளும். 45-ஐத் தாண்டியவருக்குப் பத்து நாள் கட்டியாகப் படுகிறது என்றால் கர்ப்பப் பரிசோதனை, ரத்த அளவு, தைராய்டு, ஸ்கேன், கர்ப்பப்பை உள்சவ்விலிருந்து ஒரு சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது ஆகியவை வேண்டும். துணுக்கு எடுப்பதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது, மெல்லிய குழாய் ஒன்றால் வெளிநோயாளர் பிரிவிலேயே எடுக்கலாம். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை, திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டில் எது அருகில் இருக்கிறதோ அங்கே போகட்டும்.

கெட்டது எதுவும் இல்லை என்று முடிவு வந்தால், அவருக்கு மிகப் பொருத்தமானது லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மி.கி. உள்ள ஹார்மோன் வளையம். காப்பர் டி போலவே கர்ப்பப்பைக்குள் வைப்பதுதான், செம்புக்குப் பதில் ஹார்மோன் சிறிது சிறிதாகக் கசியும். உள்சவ்வு மெலிந்துபோவதால் சில மாதங்களில் போக்கு வெகுவாகக் குறையும், பலருக்கு நின்றே போகும். கருத்தடையும் சிகிச்சையும் ஒன்றிலேயே கிடைக்கின்றன. 45 வயதுக்கு மேல் கருத்தடைக்காக வைத்தால் 55 வரை இருக்கலாம். தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய் ஆகும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் விட்டு விட்டுத் துளித்துளியாகப் படுவது இயல்பு. கர்ப்பப்பையின் உள்ளறையைக் கோணலாக்கும் நார்க்கட்டி இருந்தால் மட்டும் வளையம் உள்ளே தங்காமல் நழுவி வந்துவிடலாம்.

அதிகப் போக்கு என்றதும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன பரிசோதனைகள் முடிந்தனவா, மருந்தோ வளையமோ முயன்று பார்த்தார்களா என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். இதை உங்கள் கூட்டத்தில் அழுத்திச் சொல்லுங்கள். அறுவை தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது முதல் படி இல்லை.

8.4-க்கு இரும்புச்சத்து மாத்திரை இன்றே தொடங்கலாம். காபி, டீயோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் ஏறாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். ரத்தம் கூடியதும் நிறுத்திவிடாமல் மேலும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

மூன்று மாத ஊசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்தரா என்ற பெயரில் அரசு 2017 முதல் இலவசமாகத் தருகிறது. மெட்ராக்சிபுரோஜெஸ்டரோன் 150 மி.கி., தசையில் போடுவது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடமும் கூடாது, மருந்து சீக்கிரம் கரைந்து காலம் குறையும். அடுத்த ஊசியை இரண்டு வாரம் முன்னதாகவோ, நான்கு வாரம் தாமதமாகவோ போட்டுக்கொள்ளலாம். முதல் சில மாதங்கள் தீட்டு தாறுமாறாக வரும், ஓராண்டில் பாதிப் பேருக்கு நின்றுவிடும். அதனால் ரத்தசோகை உள்ளவருக்கு நல்லதுதான், காரணம் கண்டுபிடித்த பிறகு. எலும்பின் அடர்த்தியைச் சற்றுக் குறைக்கும் என்பதால் 45-க்கு மேல் புதிதாகத் தொடங்க நான் தயங்குவேன். ஏற்கெனவே போட்டுக்கொள்பவர்களை 50-ல் வேறு முறைக்கு மாற்றுவோம். பிரஷர் 160/100-க்கு மேல் இருந்தாலும், சர்க்கரையால் கண்ணோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டிருந்தாலும் இந்த ஊசி கூடாது.

பதில்: மருந்தாளுநர், கும்பகோணம்

மாத்திரைகள் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வாரம் ஒரு முறை போடும் 'சாயா' மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், கடையில் 'சஹேலி' என்ற பெயரில் வருகிறது. சென்ட்குரோமன் 30 மி.கி. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் பிரஷர் இருக்கிறவர்களுக்கும் கொடுக்கலாம். தீட்டின் முதல் நாள் முதல் மாத்திரை, அதிலிருந்து மூன்றாம் நாள் இரண்டாவது. முதல் நாள் ஞாயிறு என்றால், முதல் மூன்று மாதம் ஞாயிறும் புதனும். நான்காம் மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். அந்தக் கிழமை எந்தக் காரணத்துக்காகவும் மாறக் கூடாது. மறந்துபோய் ஏழு நாளுக்குள் ஞாபகம் வந்தால் உடனே ஒன்று போட்டுக்கொண்டு, அடுத்த தீட்டு வரை உறையும் வேண்டும். ஏழு நாளைத் தாண்டிவிட்டால் மறுபடி முதலிலிருந்து, வாரம் இரண்டு, மூன்று மாதம்.

அண்மையில் மஞ்சள் காமாலை வந்தவர்கள், கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், காசநோயாளிகள், சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். நாற்பதுகளில் இன்னொரு சங்கடம், இந்த மாத்திரையே தீட்டைத் தள்ளிப்போடும். 15 நாளுக்கு மேல் தள்ளினால் மாதவிலக்கு நிற்கப்போகிறது என்று விட்டுவிடாமல் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள்.

இதே மருந்து 60 மி.கி. அளவில் அதிக உதிரப்போக்குக்கு மருத்துவர் எழுதித் தருவார். இரண்டும் ஒன்றுதானே என்று ஒருவர் சீட்டை இன்னொருவர் வாங்கிப் போடுவதைப் பார்க்கிறோம். அளவும் வேறு, நாள் கணக்கும் வேறு.

கோயில் திருவிழாவுக்காகத் தீட்டைத் தள்ளிப்போட நார்எத்திஸ்டிரோன் 5 மி.கி. கேட்பவர்கள் பங்குனி, சித்திரையில் அதிகம். வழக்கமாகத் தினம் மூன்று, தீட்டு நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து. நிறுத்தி இரண்டு மூன்று நாளில் தீட்டு வரும். இதைப் போடுகிற நாட்களில் கரு நிற்காது என்று நம்புகிறார்கள். இது கருத்தடை மாத்திரை இல்லை. இதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறும், ஆகவே காலில் ரத்தம் கட்டியவர்களும் பிரஷர்காரர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

காசநோய்க்கு ரிபாம்பிசின், வலிப்புக்கு பினைட்டாயின் அல்லது கார்பமசிப்பின் சாப்பிடுகிறவர்களுக்குக் கருத்தடை மாத்திரைகள் வேலை செய்யாமல் போகும், காப்பர் டிக்கும் அந்தரா ஊசிக்கும் அந்தப் பிரச்சினை இல்லை. அவசர மாத்திரை லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. நம் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் கிடைக்காது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர் டி வைத்துக்கொண்டால் அது இதைவிட உறுதி.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. நான்காமவர் கேள்வி மட்டும் பாக்கி. இன்னொன்றும் கேட்கச் சொன்னார்கள்: 40, 41 வயதில் கு.க. ஆபரேஷன் இப்போது செய்துகொள்ளலாமா, நடவுக்குப் போகிறவர்கள் எத்தனை நாள் வேலையை விடணும்? கணவருக்குச் செய்வது நல்லதா?

பதில்: கிராம சுகாதார செவிலியர், திருவாரூர் மாவட்டம்

49 வயசு வரைக்கும் பெண்களுக்கு ஆபரேஷன் உண்டுங்க. 40, 41-ல செஞ்சுக்கிறது தப்பில்ல. 45-க்கு மேலன்னா, மிச்சமிருக்குற சில வருஷத்துக்காக வயித்தைத் திறக்கணுமான்னு யோசிக்கச் சொல்வேன். பிரஷரும் சர்க்கரையும் சேந்தவங்களுக்கு மயக்க மருந்தே ஒரு ஆபத்து.

தீட்டு தொடங்கி ஏழு நாளுக்குள்ள செய்யுறது வசதி. முன்னாடி ரத்தம், சிறுநீர், பிரஷர் பாப்பாங்க. ரத்தம் 7-க்குக் கீழ இருந்தா தள்ளிப்போடுவாங்க. ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் வீட்டு வேலை பாக்கலாம். தையல் பிரிக்கிறது ஏழாம் நாள். நாத்துக்கட்டு தூக்குறது, நாள் முழுக்கக் குனிஞ்சு நடுறதெல்லாம் ரெண்டு வாரம் கழிச்சுத்தான். சேத்துத் தண்ணி புண்ணுல பட்டா சீழ் வச்சுக்கும். அதனால ஜூன்ல மேட்டூர் திறந்து குறுவை நடவு ஆரம்பிக்குற நேரத்துலயும், சம்பா நடவு மும்முரத்துலயும் வேண்டாம். தை அறுப்பு முடிஞ்சு மாசி, பங்குனியில வச்சுக்கிட்டா கூலியும் போவாது, உடம்பும் தேறும்.

கணவருக்குச் செய்யுறது எல்லாத்தையும்விடச் சுலபம். தழும்பில்லா வாசக்டமி, விதைப்பைத் தோல்ல சின்னத் துளை, பத்து பதினஞ்சு நிமிஷம், அந்த இடத்துக்கு மட்டும் மரத்துப்போற ஊசி. அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். ரெண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் மூட்டை தூக்கவோ சைக்கிள் ஓட்டவோ கூடாது. தப்பு நடக்குறது இங்கதான்: ஆபரேஷன் ஆன உடனே பலன் கிடையாது. மூணு மாசம் உறை போட்டுக்கிட்டு, அப்புறம் விந்துப் பரிசோதனையில அணு இல்லைன்னு சீட்டு வாங்கின பிறகுதான் விடலாம். அந்தச் சீட்டு வாங்காம விடுறவங்க நிறைய. வேலை செய்யுற பலமும் தாம்பத்தியமும் இதால குறையாது. விதை சுரக்குற ஹார்மோன் ரத்தத்துல எப்பவும் போல கலந்துக்கிட்டுதான் இருக்கும், விந்தணு வர்ற குழாயை மட்டும்தான் அடைக்கிறாங்க.

பதில்: மகப்பேறு மருத்துவர், தஞ்சாவூர்

47 வயதுக்காரருக்கு எட்டு மாதம் போதாது. 50 வயதுக்குள் தீட்டு நின்றால், கடைசித் தீட்டிலிருந்து இரண்டு ஆண்டுகள் கருத்தடை வேண்டும். 50-க்கு மேல் நின்றால் ஓராண்டு. ஹார்மோன் ஊசி, மாத்திரை, வளையம் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, ஏனென்றால் தீட்டு நின்றது வயதாலா மருந்தாலா என்று தெரியாது. எந்த முறையில் இருந்தாலும் 55-ல் நிறுத்திவிடலாம்.

அவர் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யட்டும். தீட்டு ஒழுங்கில்லாதவர்களுக்கு நாள் தள்ளிய கணக்கு உதவாது. கடைசியாகச் சேர்ந்து 21 நாள் கழித்து, காலை முதல் சிறுநீரில் பார்த்து, கோடு வரவில்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். துணை சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை அட்டை இலவசம். வயது காரணமாக நின்றுவிட்டது என்று நினைத்து நான்காம் மாதம், ஐந்தாம் மாதம் வருகிறவர்களுக்கு வழிகள் குறைந்துபோகின்றன. கருத்தடை தவறி நின்ற கருவை 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின்பேரில் கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. மாத்திரையால் கலைப்பது ஒன்பது வாரத்துக்குள் மட்டும், அதுவும் ஸ்கேன் பார்த்து மருத்துவர் கொடுப்பது. கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு, பாதி தங்கி, ரத்தம் வற்றி வருவதைத் தடுக்க முடிந்தாலே உங்கள் கூட்டம் பெரிய வேலை செய்ததாகும்.

நிரந்தரமாக நின்று ஓராண்டுக்குப் பிறகு மறுபடி ஒரு துளி பட்டாலும் அது தீட்டு இல்லை. அதே வாரத்தில் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பதில்: மருந்தாளுநர், கும்பகோணம்

உறை பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் பிறப்புறுப்பு வறண்டு எரிச்சல் வருவதால் தேங்காய் எண்ணெய், வாசலின் தடவிக்கொள்கிறார்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் உறை சில நிமிடங்களில் பலம் இழந்து கிழியும். தண்ணீர் சார்ந்த ஜெல் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.